கொடி காட்டி விற்கும் சரக்கு

2016 செப்டம்பர் தொடக்கத்தில் ஒருநாள் காலை, நாட்டின் பெரிய நாளிதழ்கள் பலவற்றின் முதல் பக்கத்தில் பிரதமர் மோடியின் பெரிய படம். பார்த்தவர்களில் பாதிப்பேர் அரசாங்க விளம்பரம் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆனால் அது ரிலையன்ஸ் ஜியோ வந்துவிட்டது என்று சொல்லும் விளம்பரம். இரண்டு மாதம் கழித்து 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்ததும், சூட்டோடு சூடாகப் பேடிஎம் நிறுவனமும் அதே வேலையைச் செய்தது. அனுமதி வாங்கினார்களா என்று நாடாளுமன்றத்தில் கேட்டார்கள், இல்லை என்று அரசே பதில் சொன்னது, அப்புறம் இரண்டு நிறுவனங்களும் வருத்தம் தெரிவித்தன, விஷயம் முடிந்தது. முடியாமல் இழுத்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது, ஏனென்றால் இந்தக் குற்றத்துக்குச் சட்டத்தில் எழுதியிருந்த அதிகபட்ச அபராதம் 500 ரூபாய். பேடிஎம் விஷயத்தில் பார்த்தால், அந்த வாரம்தான் செல்லாமல் போன ஒரு நோட்டு.

சின்னங்களையும் பெயர்களையும் வியாபாரத்துக்கு முறைகேடாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் அந்தச் சட்டம் 1950இல் வந்தது. தேசியக் கொடி, அரசு முத்திரை, காந்தி, நேரு, சத்ரபதி சிவாஜி, இந்திரா காந்தி, பிரதமர் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. மத்திய அரசின் அனுமதி இல்லாமல் இவற்றின் பெயரையோ படத்தையோ வியாபாரத்தில் தொடக்கூடாது. கூடவே 2002இல் வந்த கொடி விதித்தொகுப்பும் இருக்கிறது. கொடியை எந்த வகையான விளம்பரத்திலும் பயன்படுத்தக்கூடாது, கொடிக்கம்பத்தில் விளம்பரப் பலகை கட்டக்கூடாது என்று அது தெளிவாகவே சொல்கிறது. இதில் எனக்குப் பிடித்த சங்கதி, 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் காலண்டருக்கு மட்டும் தனி விலக்கு கொடுத்திருப்பதுதான். காந்தி, நேரு படத்தைக் காலண்டரில் போடலாம், ஆனால் அதில் காலண்டரைத் தயாரித்தவர், அச்சடித்தவர் பெயர்கள் மட்டுமே இருக்க வேண்டும், சரக்கை விளம்பரப்படுத்த அந்தக் காலண்டர் பயன்படக்கூடாது. சரி, இப்போது நம் ஊர் மளிகைக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை புத்தாண்டுக்குக் கொடுக்கும் சிவகாசிக் காலண்டரை நினைத்துப் பாருங்கள். மேலே காந்தி, கீழே கடைப்பெயரும் போன் நம்பரும். சட்டத்தை எழுத்துக்கு எழுத்து பார்த்தால் தமிழ்நாட்டில் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் 500 ரூபாய் குற்றம் ஒன்று ஆணியில் தொங்கியிருக்கிறது.

இந்தச் சட்டம் யாரையும் பெரிதாகத் தண்டித்ததில்லை, ஆனால் விளம்பர ஏஜென்சிகளுக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டது. கொடியைக் காட்டாமல் கொடியை ஞாபகப்படுத்த வேண்டும். அதனால்தான் ஆகஸ்ட் 15 வந்தால் டிவியில் காவி நிறத் துப்பட்டாவும் வெள்ளைப் புறாவும் பச்சை வயலும் தற்செயலாக ஒரே சட்டகத்துக்குள் வந்து நிற்கும், ஒரு பையன் பட்டம் விடுவான், எந்தப் படைப்பிரிவு என்று தெரியாத சீருடையில் ஒருவர் ரயிலில் ஏறுவார், தேசிய கீதத்தின் சாயலில் புல்லாங்குழல் தொடங்கி, தேசிய கீதமாக ஆவதற்குள் வேறு பக்கம் திரும்பிவிடும். கடைசி மூன்று விநாடியில்தான் இது சிமென்டா, சமையல் எண்ணெயா, வீட்டுக்கடனா என்று நமக்குத் தெரியும். எந்தச் சரக்குக்கும் பொருந்துகிற மாதிரி எடுத்த படம் அது.

பிடிபட்டவர்களும் உண்டு. 2009இல் ஆடம்பரப் பேனா செய்யும் மோன்ட்பிளாங்க் நிறுவனம் காந்தி பெயரில் ஒரு பேனா போட்டது. தங்கம், நிப்பில் தடி ஊன்றி நடக்கும் காந்தி, விலை 11 லட்சம் ரூபாய்க்கும் மேல். மொத்தம் 241 பேனாதான், ஏனென்றால் தண்டி யாத்திரை 241 மைல். அந்நியத் துணியை எரிக்கச் சொன்னவரின் பெயரில் ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியாகும் பேனா. கேரள உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள், மேலே சொன்ன அதே சட்டம்தான் ஆதாரம், 2010இல் நிறுவனம் விற்பனையை நிறுத்திக்கொண்டது.

ஆனால் சட்டத்தைவிட முக்கியமான கேள்வி வேறு. ஒரு நிறுவனம் எப்போது தேசத்தைத் துணைக்குக் கூப்பிடுகிறது? நன்றாக ஓடுகிற சரக்குக்கு யாரும் நாட்டைக் கூப்பிடுவதில்லை. நான் பார்த்த அளவில் இரண்டு நேரங்களில் கூப்பிடுகிறார்கள். ஒன்று, விலையிலோ தரத்திலோ தங்களை முந்தக்கூடிய ஆள் சந்தைக்குள் வரும்போது. இன்னொன்று, தாங்களே வெளியூர் ஆள் என்பது திடீரென்று ஆபத்தாகிவிடும்போது. நூறு வருஷத்துக்கு முன்னால் மூன்றாவதாக ஒன்றும் இருந்தது, அது இப்போது ஏறக்குறைய காணாமல் போய்விட்டது. அதையும் பார்த்துவிட்டால் மற்ற இரண்டும் தெளிவாகும்.

1905இல் கர்சன் வங்காளத்தைப் பிரித்தபோது, ஆகஸ்ட் 7 அன்று கல்கத்தா டவுன் ஹாலில் அந்நியப் பொருள்களைப் புறக்கணிக்கத் தீர்மானம் போட்டார்கள். அந்த நாளைத்தான் 2015இலிருந்து தேசியக் கைத்தறி நாளாகக் கொண்டாடுகிறோம். அன்றைக்குச் சுதேசி என்று சொல்லி விற்றவர்கள் வாங்குபவரிடம் ஒன்றைக் கேட்டார்கள். துணி முரடாக இருக்கும், மான்செஸ்டர் துணியைவிட விலையும் கூட இருக்கும், இருந்தாலும் வாங்கு. அதாவது நஷ்டப்படு. இந்த நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்ற சண்டையும் அப்போதே இருந்தது. ஏழைக்கு மலிவுத் துணி கிடைக்காமல் செய்துவிட்டு அதற்கு தேசபக்தி என்று பெயர் வைப்பதைத் தாகூர் கடுமையாக விமர்சித்தார். அதே தாகூர் கோத்ரெஜ் சோப்புக்கு நற்சான்று கொடுத்து, படத்தோடு அது விளம்பரமாக வந்ததும் உண்மை. அந்த சோப்பிடம் தேசத்தைத் தவிர சொல்வதற்கு வேறு சரக்கும் இருந்தது. மிருகக் கொழுப்பு இல்லாமல் தாவர எண்ணெயில் செய்தது என்பது அன்றைய வாடிக்கையாளருக்கு மிகப் பெரிய விஷயம்.

வ.உ.சி. கதை நமக்கெல்லாம் பாடப்புத்தகத்தில் இருந்து தெரியும். ஆனால் வியாபாரக் கதையாக அதை நாம் படிப்பதில்லை. 1906இல் சுதேசி நாவாய்ச் சங்கம், 10 லட்சம் ரூபாய் மூலதனம், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள், தூத்துக்குடி-கொழும்பு வழித்தடம். எதிரில் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. அவர்கள் கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கினார்கள், சுதேசிக் கப்பல் எட்டணாவுக்கு இறங்கியது, உடனே வெள்ளைக்காரக் கம்பெனி இலவசமாகவே ஏற்றிக்கொண்டு போய், கூட ஒரு குடையும் கொடுத்தது. யோசித்துப் பாருங்கள், ஒரு பக்கம் எட்டணா கொடுத்து ஏற வேண்டிய நம் கப்பல், இன்னொரு பக்கம் ஓசிப் பயணமும் ஓசிக் குடையும். தேசபக்திக்குச் சந்தையில் வைக்கப்பட்ட பரீட்சை இதைவிடக் கடுமையாக இருக்க முடியாது. விலையில் தோற்கடிப்பதோடு அவர்கள் நிற்கவில்லை, 1908 மார்ச்சில் வ.உ.சி.யைக் கைது செய்தார்கள், 1911இல் கம்பெனியைக் கலைத்தார்கள். அந்தக் கப்பலுக்குப் பங்கு வாங்கியவர்கள் போட்ட பணத்தை இழந்தார்கள். தேசத்தின் பெயரால் பணம் கேட்டவரும் கொடுத்தவர்களும் சேர்ந்தே விலை கொடுத்தார்கள், கேட்டவர் செக்கிழுத்தார்.

எதிர்த்தரப்பும் சும்மா இல்லை. மான்செஸ்டர் ஆலைகள் இந்தியாவுக்கு அனுப்பிய துணிக்கட்டுகளில் ஒட்டிய வண்ண லேபிள்களில் லட்சுமியும் கிருஷ்ணனும் பிள்ளையாரும்தான் இருந்தார்கள். வெளியூர்ச் சரக்கு உள்ளூர் வேஷம் போடுவது நேற்று வந்த உத்தி இல்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு ஒரு விசித்திரமான இடைவெளி. சந்தை மூடியிருந்தது, இறக்குமதிக்குத் தடை, லைசென்ஸ் இல்லாமல் தொழிற்சாலை இல்லை. பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம். வாங்க வரிசை நிற்கும்போது நாட்டைக் காட்டி விற்க வேண்டிய அவசியமே இல்லை. 1977இல் கோகோ-கோலா வெளியேறியபோது மட்டும் கொஞ்சம் சத்தம் கேட்டது. அந்நியச் செலாவணிச் சட்டப்படி பங்கைக் குறைக்கச் சொன்னார்கள், அவர்கள் மாட்டோம் என்று போய்விட்டார்கள். ஜனதா அரசு டபுள் செவன் என்று அரசாங்கக் கோலா ஒன்றையே இறக்கியது, அது பிழைக்கவில்லை. தம்ஸ் அப் பிழைத்தது. காம்பா கோலாவும் பிழைத்தது, அதைக் கொண்டுவந்தவர்கள் அதற்கு முன்பு கோகோ-கோலாவை பாட்டிலில் அடைத்துக் கொடுத்தவர்கள், எழுத்தைக்கூட அதே சாயலில் எழுதிக்கொண்டு, மாபெரும் இந்தியச் சுவை என்று அடியில் போட்டார்கள். 1993இல் கோகோ-கோலா திரும்பி வந்ததும் தம்ஸ் அப் அவர்கள் கைக்கே போய்விட்டது, இன்றும் அங்கேதான் இருக்கிறது. காம்பாவை 2022இல் ரிலையன்ஸ் வாங்கி, மறு வருஷம் திரும்ப இறக்கியது. நம் நாட்டுக் கோலா என்ற பேச்சோடுதான் வந்தது, ஆனால் பெட்டிக்கடையில் அதைத் தூக்கிவிட்டது தேசம் அல்ல, 10 ரூபாய்க்கு 200 மில்லி பாட்டில்.

இந்தியாவில் தேசபக்தி விளம்பரம் என்றதும் எல்லோரும் சொல்வது ஹமாரா பஜாஜ். 1989, லின்டாஸ் ஏஜென்சி, அலீக் பதம்சி. தூர்தர்ஷன் ஒன்றே ஒன்று என்பதால் ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாத வீடுகளிலும் அந்த ஜிங்கிளை மெட்டோடு பாடினார்கள். பல மதத்து, பல வயது ஆட்கள், எல்லோர் வீட்டிலும் ஒரு ஸ்கூட்டர், வலிமையான பாரதத்தின் வலிமையான சித்திரம் என்று ஒரு வரி. மைலேஜ் எவ்வளவு, விலை எவ்வளவு, கியர் எப்படி, எதுவும் கிடையாது. ஏன் கிடையாது என்றால் அந்த வண்டியைப் பற்றி அப்போது சொல்வதற்குப் புதிதாக எதுவும் இல்லை. 1984இலேயே கைனடிக் ஹோண்டா வந்துவிட்டது, பட்டனைத் தட்டினால் ஸ்டார்ட் ஆகும், கியர் மாற்ற வேண்டாம், ஜப்பான் தொழில்நுட்பம். பஜாஜ் ஸ்கூட்டரையோ சாய்த்து நிறுத்தி உதைக்க வேண்டும். இந்த நிலையில் ஒப்பிட்டுப் பேசினால் தோல்வி நிச்சயம், எனவே ஒப்பிடவே முடியாத ஒரு இடத்துக்குப் பேச்சைக் கொண்டுபோனார்கள். விளம்பரமாக அது அபாரமான வேலை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் தொண்டையில் ஏதோ செய்கிறது.

இத்தனைக்கும் அந்த ஸ்கூட்டரின் பூர்வீகம் இத்தாலி. 1960இலிருந்து பியாஜியோவின் லைசென்ஸில் வெஸ்பாவைத்தான் பஜாஜ் செய்துகொண்டிருந்தது, 1971இல் ஒப்பந்தம் முடிந்தது, அடுத்த வருஷம் அதே உடலுக்கு ராணா பிரதாப்பின் குதிரை பெயரை வைத்துச் சேத்தக் ஆக்கினார்கள். நாட்டுணர்வு சில வருஷம் கைகொடுத்தது. அப்புறம் மக்கள் நாலு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளுக்கு மாறினார்கள், பஜாஜும் கவாசாகியோடு சேர்ந்து மோட்டார் சைக்கிளுக்கே போனது, 2009 டிசம்பரில் ஸ்கூட்டர் செய்வதையே நிறுத்துகிறோம் என்று அறிவித்தது. தேசத்தின் சித்திரம் ஷோரூமிலிருந்து இறங்கிவிட்டது, பத்து வருஷம் கழித்து மின்சார வண்டியாகத் திரும்பி வந்தது. அவர்களைத் தோற்கடித்த மோட்டார் சைக்கிள்களில் முதலிடம் ஹீரோ ஹோண்டாவுக்கு. அதன் டேக்லைன் என்ன? தேஷ் கி தட்கன், நாட்டின் இதயத்துடிப்பு. பெயரிலேயே பாதி ஜப்பானை வைத்துக்கொண்டு நாட்டின் இதயத்துடிப்பு என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும், அதை யாரும் தப்பாகவும் எடுத்துக்கொள்ளவில்லை. எஞ்சின் ஹோண்டாவுடையது என்பதுதான் வாங்கியவர்களுக்கு நிம்மதி, தேசம் என்பது மேலே பூசிய சந்தனம்.

இங்கேதான் சுதேசிக் காலத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம். அன்று நாட்டுக்காக நீ கொஞ்சம் இழந்துகொள் என்று கேட்டார்கள். இன்று நீ எதையும் இழக்க வேண்டாம், நீ எப்படியும் வாங்கப்போகிற பொருளை வாங்கு, தேசபக்தி கூடவே இலவசமாக வரும் என்கிறார்கள். ஆன்லைன் கடைகளின் ஆகஸ்ட் மாதச் சுதந்திர விற்பனையை எடுத்துக்கொண்டால் அதைவிட ஒரு படி மேலே. அமெரிக்க நிறுவனமான அமேசான், இந்தியா விடுதலை பெற்ற வாரத்தில், பெரும்பாலும் கிழக்காசிய உதிரிபாகங்களால் ஆன போனைத் தள்ளுபடியில் கொடுத்து, அதற்கு ஃப்ரீடம் ஃபெஸ்டிவல் என்று பெயர் வைக்கிறது. இதில் கோபப்பட ஒன்றும் இல்லை, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் செய்வதைத்தான் செய்கிறார்கள், நாள்காட்டியில் சிவப்பு மையில் இருக்கும் தேதி எல்லாம் அவர்களுக்கு ஒன்றுதான்.

இரண்டாவது வகை, அதாவது வெளியூர் ஆள் என்ற அடையாளம் ஆபத்தாகும் நேரம், 2020 ஜூனில் கண்ணெதிரே நடந்தது. கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலில் 20 இந்திய வீரர்கள் இறந்தார்கள். அந்த வாரமே சீன நிறுவனமான ஒப்போ தன் புதுப் போன் அறிமுகத்தின் நேரலையை ரத்து செய்தது. இன்னொரு சீன நிறுவனமான ஷாவ்மியின் கடைகளில் ஆரஞ்சு நிறப் பெயர்ப்பலகைகள் மேல், இந்தியாவில் தயாரிக்கப்பட்டது என்று எழுதிய துணிகள் ஏறின, கண்ணாடியை உடைத்துவிடுவார்களோ என்ற பயம் கடைக்காரருக்கு. அது பொய்யும் இல்லை, அவர்களின் போன்களில் பெரும்பகுதியை ஸ்ரீபெரும்புதூர், ஸ்ரீசிட்டி பக்கம் நம் ஊர்ப் பெண்கள்தான் கோத்துக்கொடுத்தார்கள். பெயர்ப்பலகையை மறைத்த அதே வருஷம் இந்திய நிறுவனமான மைக்ரோமேக்ஸ், சீனாவுக்கு எதிரான வசனங்களோடு, இன் என்ற புதுப் போன் வரிசையைக் கொண்டுவந்தது. முன்பு சீனப் போன்களில் தன் பெயரை ஒட்டி விற்று வளர்ந்த நிறுவனம் அது. எல்லையில் சண்டை நடந்தும் மக்கள் வாங்கியது என்னவோ ஷாவ்மி, விவோ, ரியல்மிதான். அதே விலைக்கு அதைவிட நல்ல போனை மைக்ரோமேக்ஸ் கொடுக்கவில்லை, கூடுதலாகக் கொடுத்து வாங்க யாரும் தயாராக இல்லை. எட்டணாக் கப்பல் ஞாபகம் வருகிறதா?

படைவீரரை வைத்து விற்பது மட்டும் எனக்கு ஒப்பவில்லை, அதை மறைக்கவும் விரும்பவில்லை. 2014இல் ஐ.என்.எஸ். விக்ராந்த் கப்பலை உடைத்து இரும்புக்கு விற்றார்கள். 1971 போரில் வங்காள விரிகுடாவில் நின்ற கப்பல், அருங்காட்சியகமாக வைத்திருக்கக் காசில்லை என்று கைவிட்டது. அந்த இரும்பில் கொஞ்சம் வாங்கி உருக்கி, 2016இல் பஜாஜ் வி என்ற மோட்டார் சைக்கிளில் சேர்த்தார்கள். பிரம்மாண்டமான விளம்பரம், கடற்படை அதிகாரிகள் கண்கலங்கினார்கள். ஆனால் 150 சிசி வண்டியில் அந்த உலோகம் இருப்பது பெட்ரோல் டேங்கில் ஒரு சின்ன இடத்தில். நாடு காப்பாற்றாமல் விட்ட கப்பலை நாங்கள் காப்பாற்றினோம் என்று ஒரு நிறுவனம் சொல்லும்போது, அவர்கள் விற்கிற பொருள் அவமானமும் ஆறுதலும் சேர்ந்த ஒன்று. இதிலாவது ஒரு கற்பனை இருந்தது. 2025 மே 7 அன்று ஆபரேஷன் சிந்தூர் செய்தி வந்தது, அதே நாளில் அந்தப் பெயரைக் கேளிக்கைப் பிரிவில் வணிகமுத்திரையாகப் பதிவு செய்யக் கேட்டு ரிலையன்ஸிடமிருந்து விண்ணப்பம் போனது. வேறு சிலரும் விண்ணப்பித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும், ஓர் இளநிலை ஊழியர் அனுமதியில்லாமல் தவறுதலாகச் செய்துவிட்டார் என்று சொல்லி ரிலையன்ஸ் மறுநாளே திரும்பப் பெற்றது. எல்லையோர ஊர்களில் அப்போது குண்டு விழுந்துகொண்டிருந்தது.

எல்லை தாண்டியும் இதே கதைதான். 2019 உலகக் கோப்பையின்போது பாகிஸ்தான் சேனல் ஒன்று, பிடிபட்டு விடுவிக்கப்பட்ட விமானி அபிநந்தனைப் போல மீசை வைத்த ஆளைக் கையில் டீக்கோப்பையோடு உட்காரவைத்து விளம்பரம் எடுத்தது. நம் பக்கம் பாகிஸ்தான் ரசிகரைக் கேலி செய்யும் மௌக்கா மௌக்கா விளம்பரம் 2015இலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமைக்குக் கொட்டிய பணத்தை எடுக்க வேண்டும், அதற்கு அந்த ஒரு மேட்ச் போராகத் தெரிய வேண்டும்.

தேசம் என்று எழுதினால் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி படிப்பார்கள் என்று நினைப்பதும் தப்புக்கணக்கு. அமுல், இந்தியாவின் சுவை என்று 1990களிலிருந்து சொல்லி வருகிறது, அதைச் சொல்ல அதற்குத் தகுதியும் இருக்கிறது, விவசாயிகளின் கூட்டுறவு, வெளிநாட்டுப் பங்கு கிடையாது. ஆனால் 2023 ஏப்ரலில் பெங்களூரில் பால் விற்க வருகிறோம் என்று அமுல் அறிவித்ததும் கர்நாடகமே தன் கூட்டுறவுப் பாலான நந்தினியைக் காப்பாற்று என்று எழுந்தது, தேர்தல் நேரம் வேறு. மே மாதம் ஆவின் பகுதியில் அமுல் பால் கொள்முதல் செய்வதை நிறுத்தச் சொல்லி முதல்வர் ஸ்டாலின் அமித் ஷாவுக்குக் கடிதம் எழுதினார். இந்தியாவின் சுவை ஓசூர் தாண்டும்போது குஜராத்துப் பாலாகிவிட்டது. 2017இல் ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த கையோடு, மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்கமாட்டோம் என்று தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் அறிவித்தபோது லாபம் பார்த்தது காளிமார்க் பொவண்டோ. 1916இலிருந்து இருக்கும் கம்பெனி, அதற்காக அவர்கள் பெரிய விளம்பரம் எதுவும் எடுக்க வேண்டியிருக்கவில்லை, மெரினாவில் கூடியவர்களே எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். ராம்ராஜ் வேட்டியின் சல்யூட் விளம்பரமும் இந்த வகைதான், நாடு என்ற பேச்சே இல்லை, வேட்டி கட்டியவனை உள்ளே விடாத இடங்கள் இருந்த ஊரில் ஹோட்டல் வாசலில் ஒருவன் அவனுக்கு சல்யூட் அடிக்கிறான். 2014இல் சென்னையில் ஒரு கிளப் நீதிபதியையே வேட்டிக்காகத் திருப்பி அனுப்பி, அதற்கென்று சட்டமே போட வேண்டி வந்ததை நினைத்தால் அந்த சல்யூட்டுக்கு ஏன் அவ்வளவு மவுசு என்று புரியும்.

தேசத்தை விற்கும் விளம்பரத்தில் யார் முகம் இருக்கிறது, அந்த முகத்துக்கு அந்தத் தேசத்தில் இடம் இருக்கிறதா என்று கேட்டால் சிலோன் தேயிலைக்கு வந்து நிற்போம். 1926இல் பிரிட்டனில் எம்பயர் மார்க்கெட்டிங் போர்டு என்று ஒன்றைத் தொடங்கினார்கள், பேரரசின் சரக்கை வாங்குவது பிரிட்டிஷ் குடிமகனின் கடமை என்று போஸ்டர் போட்டுச் சொல்வதுதான் அதன் வேலை, 1933 வரை நடந்தது. தேயிலை பறிக்கும் பெண் அந்தக் காலத்திலேயே சுவரொட்டிக்கு வந்துவிட்டாள். கூடை முதுகில், நெற்றியில் துணி, பின்னால் பச்சை மலை. 1948இல் இலங்கை சுதந்திரம் அடைந்தது. அதே வருஷம் வந்த குடியுரிமைச் சட்டம், அந்தத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த மலையகத் தமிழர் ஏறத்தாழ 7 லட்சம் பேரை நாடற்றவர்கள் ஆக்கியது. தேயிலை இலங்கையின் அடையாளமாகத் தொடர்ந்தது, விளம்பரத்தில் அதே பெண் தொடர்ந்து சிரித்தாள், வாக்காளர் பட்டியலில்தான் அவள் பெயர் இல்லை. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3 லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மீதி ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்ப்பது என்று மூட்டை எண்ணுவதுபோல எண்ணினார்கள். கடைசியாக மிச்சம் இருந்தவர்களுக்கும் வழி பிறந்தது 2003இல். இன்றைக்கு முழுக்க இலங்கையில் விளைந்து இலங்கையிலேயே பொட்டலமான தேயிலைக்கு மட்டும் கொடுக்கும் சிங்க முத்திரை இருக்கிறது, தரத்துக்கான முத்திரை என்ற வகையில் நேர்மையான ஏற்பாடு. ஒரு தேயிலைப் பொட்டலம் இலங்கையைச் சேர்ந்தது என்பதை முடிவு செய்வது, அதைப் பறித்தவரைப் பற்றி முடிவு செய்வதைவிடச் சுலபமாக இருந்திருக்கிறது.

உணர்ச்சியைத் தாண்டி, தேசம் என்ற போர்வைக்குள் பொய்யும் நுழையும்போது என்ன ஆகிறது என்பதற்குப் பதஞ்சலி. பன்னாட்டு நிறுவனங்களைக் கிழக்கிந்தியக் கம்பெனியோடு ஒப்பிட்டு, எங்களிடம் வாங்குவது சுதேசி என்று வளர்ந்தவர்கள். பற்பசை விற்கும் வரை அது வியாபாரச் சவடால், நோயைக் குணப்படுத்தும் என்று சொன்னபோது வேறு விஷயமாகிவிட்டது. இந்திய மருத்துவச் சங்கம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது, 2024இல் அவமதிப்பு நோட்டீஸ், மன்னிப்பு விளம்பரம். மன்னிப்பு சின்னதாக வந்ததும் நீதிபதிகள் கேட்ட கேள்விதான் பிரமாதம். உங்கள் விளம்பரம் எந்த அளவில் வந்ததோ அதே அளவில் மன்னிப்பும் வந்திருக்கிறதா? மறுநாள் பெரிதாக வந்தது.

இழப்பு கேட்கும் பழைய சுதேசிக்கு அண்மையில் ஒரு சின்ன உதாரணம் கிடைத்தது. 2025இல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது சுதேசிப் பேச்சு மறுபடி எழுந்தது, செப்டம்பர் கடைசியில் இந்திய நிறுவனமான ஸோஹோவின் அரட்டை என்ற குறுஞ்செய்திச் செயலி பதிவிறக்கப் பட்டியலின் உச்சிக்குப் போனது. அமைச்சர்கள் சிபாரிசு செய்தார்கள். ஆனால் அனுப்புபவரும் பெறுபவரும் தவிர யாரும் படிக்க முடியாதபடி வாட்ஸ்அப்பில் இருந்த முழுமையான மறையாக்கம் அப்போது அரட்டையின் குறுஞ்செய்திகளுக்கு இல்லை, அதைவிடப் பெரிய சிக்கல், நம் பெரியப்பாவும் பால்காரரும் ஸ்கூல் குரூப்பும் வாட்ஸ்அப்பில்தான் இருந்தார்கள். சில வாரங்களில் வேகம் அடங்கியது. கப்பல் நன்றாகத்தான் இருந்தது, அந்தப் பக்கம் போக ஆளில்லை.

வெளிநாட்டிலும் இது அப்படியே பொருந்துகிறது. அமெரிக்கத் தேர்தல் வருஷமான 2016இல், மே முதல் நவம்பர் வரை, பட்வைசர் தன் கேன்களில் சொந்தப் பெயரை எடுத்துவிட்டு அமெரிக்கா என்றே அச்சடித்தது. அந்தக் கம்பெனியை 2008இலேயே பெல்ஜியத்தைத் தலைமையிடமாகக் கொண்ட இன்பெவ் வாங்கிவிட்டது. கனடாவில் 2000இல் மோல்சன் பீர் ஒரு விளம்பரம் எடுத்தது. மேடையில் ஜோ என்ற சாதாரண இளைஞன், அமெரிக்கர்கள் கனடாக்காரர்களைப் பற்றி நினைப்பதையெல்லாம் ஒவ்வொன்றாக மறுத்து, கடைசியில் நான் கனடியன் என்று கத்துவான். நாடே அதை மனப்பாடமாகச் சொன்னது. அஞ்சு வருஷத்தில் மோல்சன் அமெரிக்காவின் கூர்ஸ் கம்பெனியோடு இணைந்துவிட்டது. 2025இல் டிரம்ப் வரியைப் போட்டு, கனடாவை 51ஆவது மாநிலமாக்குவேன் என்று பேசத் தொடங்கியதும், ஜோவாக நடித்த அதே ஜெஃப் டக்ளஸ் நரைத்த முடியோடு மறுபடி மேடை ஏறி, நாங்கள் கனடியர்கள் என்று புதிதாக ஒரு வீடியோ போட்டார். பழைய விளம்பரத்தின் அமைப்பு அப்படியே இருந்தது, வேகமும் அதேதான். இந்தத் தடவை அதில் பீர் இல்லை, விற்பதற்கு எதுவுமே இல்லை, அப்படியும் லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள்.